மறதிக்கு முருங்கைக்கீரை போதுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. ஏதோ ஒரு வாட்ஸ்அப் செய்தி சேலம் ஜங்ஷனில் கிளம்பி ஏற்காடு வரைக்கும் மலையேறிப் போயிருக்கும் போல, எல்லோருக்கும் திடீரென்று காய், கீரை, பழம், தேயிலையில் இருக்கும் ஃபிளேவனாய்டு என்ற பொருட்கள் மேல் பாசம் வந்துவிட்டது. ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை, கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். மருந்து எழுதித் தர மாட்டேன், விஷயம் என்னவென்று சொல்வேன்.

கேள்வி: ஐயா, என் மாமியாருக்கு 74 வயது. ஆறேழு மாதமாக மறதி அதிகமாகிவிட்டது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறார். மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால் முழிக்கிறார். "ஃபிளேவனாய்டு சாப்பிட்டால் அல்சைமர் 48 சதவீதம் குறையும்" என்று வந்த செய்தியைப் பார்த்துவிட்டு என் கணவர் 1,800 ரூபாய்க்கு ஒரு டப்பா கேப்சூல் வாங்கி வந்துவிட்டார். கொடுக்கலாமா? நாங்கள் சைவம். அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை உண்டு, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார்.
— வாசகி, அம்மாப்பேட்டை

பதில்: டப்பாவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் அம்மா. உங்கள் கடிதத்தில் கேப்சூலை விட முக்கியமான விஷயம் கடைசி இரண்டு வரியில் இருக்கிறது. சைவம், அதோடு பல வருஷமாக மெட்ஃபார்மின். இந்த இரண்டும் சேர்ந்தால் உடம்பில் பி12 வைட்டமின் குறைவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு, பி12 குறைந்தால் மறதியும் குழப்பமும் வரும், கால் மரத்துப்போகும். ஊசியோ மாத்திரையோ கொடுத்துச் சரி செய்யக்கூடிய மறதி அது, ஆனால் ரொம்ப நாள் விட்டுவிட்டால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். தைராய்டு குறைந்தாலும் மறதி வரும். சர்க்கரை திடீரென்று இறங்கினாலும் ஆள் முழிப்பார்கள். மனச்சோர்வு, சரியாகக் காது கேட்காதது, இதெல்லாம்கூட வெளியிலிருந்து பார்த்தால் மறதி மாதிரியே இருக்கும். அதனால் முதலில் டாக்டரிடம் கூட்டிப் போய் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். வயசானால் மறதி சகஜம்தான் என்று யாராவது சொன்னால், சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பரிசோதனைக்குப் போங்கள்.

இப்போது அந்த 48-க்கு வருவோம். அந்த எண் பொய் இல்லை. சிகாகோவில் வயதானவர்களை வருஷக்கணக்காகப் பின்தொடரும் ஓர் ஆய்வு இருக்கிறது, அதிலிருந்து 2020-ல் வெளியான முடிவு அது. மறதி நோய் இல்லாத 921 பேர், சராசரி வயது 81. என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு, சராசரியாக ஆறு வருஷம் கவனித்தார்கள். 220 பேருக்கு அல்சைமர் வந்தது. ஃபிளேவனாய்டில் ஒரு கிளையான ஃபிளேவனால் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, குறைவாகச் சாப்பிட்டவர்களை விட 48 சதவீதம் குறைவாக வந்திருந்தது. இதுவரை சரி.

வாட்ஸ்அப்பில் வராத பகுதி இனிமேல்தான். அந்த "அதிகம்" எவ்வளவு தெரியுமா? ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் சுமார். "குறைவு" என்பது 5 சுமார். வித்தியாசமே 10 மில்லிகிராம்தான். 100 கிராம் வெங்காயத்தில் குவர்செட்டின் என்ற ஒரே ஒரு ஃபிளேவனால் மட்டும் 20 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், அப்படியிருக்க 1,800 ரூபாய் எதற்கு என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு, அதே ஆய்வில் குவர்செட்டினுக்கும் நோய் குறைந்ததற்கும் தெளிவான சம்பந்தம் தெரியவில்லை. நன்றாகத் தெரிந்தது கேம்ஃபெரால் என்ற இன்னொன்றுக்கு, 51 சதவீதம். அது இருப்பது கீரைகளிலும் பீன்ஸிலும் தேயிலையிலும் ப்ரோக்கோலியிலும். கடையில் "மூளைக்கு" என்று விற்கும் டப்பாக்களில் சிலவற்றைத் திருப்பிப் பார்த்தால் குவர்செட்டின் என்றுதான் போட்டிருக்கிறது.

அதை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. தினமும் கீரையும் காயும் சாப்பிடுகிற ஆள் அநேகமாக நடக்கவும் செய்வார், பீடி சிகரெட் பிடிக்க மாட்டார், பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுவார். நோய் குறைந்தது கீரையாலா, அந்த ஆளின் மொத்த நடப்பாலா? ஆராய்ச்சிக்காரர்கள் கணக்குப் போட்டு இதையெல்லாம் கழித்துப் பார்க்கத்தான் செய்கிறார்கள், ஆனால் முழுக்கக் கழிக்க முடியாது. அதற்குத்தான் இன்னொரு வகைச் சோதனை: ஆட்களைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சாறு, ஃபிளேவனாய்டு நிறைந்தது, ஞாபக சக்திக்கென்று உலகம் முழுக்க விற்றது. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 3,069 பேரை வைத்து இப்படி ஆறு வருஷத்துக்கு மேல் சோதித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது, மறதி நோய் ஒரு துளியும் குறையவில்லை. கோகோவிலிருந்து எடுத்த, ஃபிளேவனாய்டில் வேறொரு கிளையை நாளுக்கு 500 மில்லிகிராம் என்று 2,262 பேரை வைத்து மூன்று வருஷம் பார்த்தார்கள், 2022-ல் அதுவும் உதட்டைப் பிதுக்கியது. அடுத்த வருஷம் அதே கோகோவை வைத்து 3,562 பேரிடம் செய்த சோதனையில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது: மொத்தமாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் அதற்கு முன்னால் சாப்பாட்டில் இந்தப் பொருள் ரொம்பக் குறைவாக இருந்தவர்களுக்கு மட்டும் ஞாபகம் கொஞ்சம் மேம்பட்டிருந்தது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. வற்றிப்போன கிணற்றில் ஒரு குடம் ஊற்றினால் தெரியும், நிரம்பிக் கிடக்கிற கிணற்றில் ஊற்றினால் என்ன தெரியும்?

உங்கள் மாமியார் இத்தனை வருஷம் முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் அவரைக்காயும் சாப்பிட்டு வளர்ந்தவராகத்தான் இருப்பார். இப்போது பல் போனதால் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்டாரா என்று பாருங்கள், அப்படியானால் கீரையைக் கடைந்து கொடுங்கள். கேப்சூல் வாங்கிய காசு பி12 பரிசோதனைக்குப் போதும், மிச்சமும் வரும். கணவரைத் திட்ட வேண்டாம், அம்மா மேல் உள்ள அக்கறையில் வாங்கியிருக்கிறார்.

கேள்வி: இங்கே மேலே குளிருக்கு நாளைக்கு நாலு டம்ளர் காபி குடிக்கிறோம். காபியில் ஃபிளேவனாய்டு உண்டா? எங்கள் தோட்டத்து ஆரஞ்சில்?
— வாசகர், ஏற்காடு

பதில்: 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை சேர்வராயன் மலையில் காபிச் செடியைக் கொண்டுவந்து வைத்தபோது மூளையைப் பற்றி நினைத்திருக்க மாட்டார். காபியில் ஃபிளேவனாய்டு ரொம்பக் கம்மி. அதில் நிறைய இருப்பது குளோரோஜெனிக் அமிலம், அது வேறு குடும்பம், ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். கருக வறுத்தால் அதிலும் பெரும்பகுதி போய்விடும்.

ஆனால் காபி குடிப்பவர்கள் வருத்தப்பட வேண்டாம். ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,004 பேரை 30 வருஷம் பின்தொடர்ந்து 2000-ல் ஒரு கணக்குச் சொன்னார்கள்: காபியே தொடாதவர்களுக்குக் கை கால் நடுங்கும் பார்க்கின்சன் நோய், நிறையக் குடிப்பவர்களை விட ஐந்து மடங்கு அதிகமாக வந்திருந்தது. அதற்குக் காரணம் காஃபினாக இருக்கலாம் என்றார்கள். (உங்கள் பொடியில் பாதி சிக்கரி என்றால் காஃபினும் பாதிதான், சிக்கரியில் அது கிடையாது.) சரி, அப்படியானால் நோய் வந்தவருக்குக் காஃபின் கொடுத்தால் நடுக்கம் குறையுமா என்று சோதித்தும் பார்த்துவிட்டார்கள், 2017-ல், குறையவில்லை. வராமல் காப்பது வேறு, வந்ததை விரட்டுவது வேறு. நாலு டம்ளர் என்கிறீர்கள், அதில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று எழுதவில்லையே.

ஆரஞ்சு நல்ல கேள்வி. அதில் இருப்பது ஹெஸ்பெரிடின், ஃபிளேவனாய்டுதான், அதிகமாக இருப்பது சுளையில் இல்லை, தோலுக்கும் சுளைக்கும் நடுவில் உள்ள வெள்ளைப் பஞ்சிலும் நாரிலும். நம் வீடுகளில் அந்த நாரை ஒன்று விடாமல் உரித்துப் பூ மாதிரிச் சுளையை நீட்டுவதுதான் பிள்ளைகளிடம் பாசம் என்று ஒரு வழக்கம். பாதியையாவது விட்டுவிடுங்கள். என் பாட்டி நார்த்தங்காயைத் தோலோடு சுருள் சுருளாக அரிந்து உப்புப் போட்டு மாடியில் காய வைப்பார், அந்தக் கசப்பில்தான் விஷயம் இருக்கிறது என்று படித்த பிறகு தெரிந்தது, உப்பும் கூடவே இருக்கிறது என்பது பிரஷர் வந்த பிறகு தெரிந்தது.

பம்பளிமாஸ் மரம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கொழுப்புக்கோ பிரஷருக்கோ மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அந்தப் பழத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதிலுள்ள வேறொரு பொருள் சில மாத்திரைகளை உடம்பு கரைத்து வெளியேற்றுவதைத் தடுத்துவிடும், மருந்து ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி: சார், மஞ்சள் ஃபிளேவனாய்டா? ஆமாம் என்று எழுதினேன், மிஸ் அடித்துவிட்டார்.
— பிளஸ் டூ மாணவி, ஓமலூர்

பதில்: மிஸ் அடித்தது சரிதான் கண்ணு. மஞ்சளில் உள்ள குர்குமின் பாலிஃபீனால் என்ற பெரிய கூட்டத்தில் வரும், ஃபிளேவனாய்டு அந்தக் கூட்டத்துக்குள் ஒரு குடும்பம், குர்குமின் அந்தக் குடும்பத்தில் இல்லை. இரண்டு பென்சீன் வளையத்தை மூன்று கார்பன் இணைக்கிற அமைப்பு இருந்தால்தான் ஃபிளேவனாய்டு, குர்குமினில் நடுவே ஏழு கார்பன். மார்க் போனது போனதுதான்.

கேள்வி: கீரையை எப்படிச் சமைத்தால் சத்து போகாது? வேக வைத்தால் எல்லாம் செத்துப்போகும், பச்சையாக ஜூஸ் அடித்துக் குடிக்க வேண்டும் என்று என் மருமகள் சொல்கிறாள். அவள் அடிக்கிற முருங்கை ஜூஸை வாயில் வைக்க முடியவில்லை.
— வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது. ஃபிளேவனால்கள் சாதாரணச் சமையல் சூட்டுக்கெல்லாம் அவ்வளவு சீக்கிரம் அழிவதில்லை. அவை போவது தண்ணீரில். வேக வைத்த தண்ணீரை வடித்து ஊற்றினால் சத்தில் ஒரு பங்கு அதோடு சாக்கடைக்குப் போகும். நம் ஊர்க் கடைசலில் தண்ணீரை வடிப்பதே இல்லையே, கொஞ்சமாக விட்டு வேக வைத்து அந்தத் தண்ணீரோடு சேர்த்துத்தானே மத்தால் கடைகிறோம், அதனால் கடைசலும் முருங்கைக்கீரைப் பொரியலும் நல்ல முறைதான். முருங்கைக்கீரையில் நான் மேலே சொன்ன குவர்செட்டின், கேம்ஃபெரால் இரண்டும் உண்டு.

வெங்காயம் உரிக்கும்போது பாருங்கள், குவர்செட்டின் அதிகமாக இருப்பது வெளி அடுக்குகளில். காய்ந்த சருகை மட்டும் எடுத்தால் போதும், "பளிச்சென்று இருக்கட்டும்" என்று அடுத்த இரண்டு அடுக்கையும் உரித்துப் போடுவது வீண். கத்தரிக்காய்த் தோலின் ஊதாவும் ஒரு ஃபிளேவனாய்டுதான், தோலைச் சீவ வேண்டாம்.

சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், தேயிலை கீரையில் உள்ள இரும்பை உடம்பில் சேர விடாது. அப்புறம், இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் வீட்டில் இருந்தால், இந்தப் பதிலைப் படித்துவிட்டுத் திடீரென்று தினமும் கீரை என்று ஆரம்பிக்காதீர்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிர் வேலை செய்யும். எப்போதும் சாப்பிடுகிற அளவே இருக்கட்டும், கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரிடம் சொல்லிவிட்டு.

கேள்வி: சங்குப்பூ நீல டீ மூளைக்கு நல்லதா?
— வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: அந்த நீலம் ஆந்தோசயனின், ஃபிளேவனாய்டுதான். எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகும், பேரப்பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டலாம். மலையில் ஒரு கடையில் ஒரு கப்புக்கு 120 ரூபாய் வாங்கிக்கொண்டு "மெமரி பூஸ்டர்" என்று நீட்டினார்கள், குடித்துவிட்டுக் குடையை அந்தக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன்.

கேள்வி: என் அப்பாவுக்குப் பார்க்கின்சன். எனக்கு 52. எனக்கும் வருமா? பழம் சாப்பிட்டால் தடுக்கலாமா என்று தெரியவில்லை, ராத்திரி படுத்தால் இதே யோசனை.
— வாசகர், ஆத்தூர்

பதில்: முதல் கேள்விக்கு: பெரும்பாலான பார்க்கின்சன் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் நோய் இல்லை. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் ஆபத்து கொஞ்சம் கூடும், அவ்வளவுதான், வராமல் இருப்பதற்கான வாய்ப்புதான் இன்னமும் அதிகம். அப்பாவுக்கு ரொம்ப இளம் வயதில் வந்திருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள்.

பழத்தைப் பற்றி 2012-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. சுமார் 1,30,000 ஆண்களையும் பெண்களையும் 20 வருஷத்துக்கு மேல் பின்தொடர்ந்தார்கள், 805 பேருக்குப் பார்க்கின்சன் வந்தது. ஃபிளேவனாய்டு அதிகம் சாப்பிட்ட ஆண்களுக்கு நோய் 40 சதவீதம் குறைவு. பெண்களுக்கு மொத்த ஃபிளேவனாய்டைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஏன் என்று இன்று வரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. ஆண், பெண் இருவரையும் சேர்த்துப் பார்த்தபோது தனியாக நின்றது ஆந்தோசயனின், அதாவது நீலமும் ஊதாவுமான பழங்களின் நிறம். அவர்கள் ஊரில் அது ப்ளூபெர்ரி. நமக்கு ஆடி மாதத்துக்கு முன்னால் சாலையோரத்தில் உப்புத் தூவி விற்கிற நாவல் பழம், பல்லும் நாக்கும் கறுத்துப்போகுமே, அந்தக் கறை முழுக்க ஆந்தோசயனின். கறுப்புக் கவுனி அரிசியின் தவிட்டிலும் அதே சாயம்தான். ப்ளூபெர்ரியைத் தேடிச் சூப்பர் மார்க்கெட்டில் சின்ன டப்பாவுக்கு முந்நூறு நானூறு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நாவல் பழத்தை வைத்து அப்படிப்பட்ட நீண்ட ஆய்வு நடந்து நான் பார்த்ததில்லை, சாயம் ஒரே குடும்பம் என்பதால் சொல்கிறேன்.

இந்தப் பொருட்கள் மூளைக்குள் போய் ஆக்சிஜனேற்றம் என்ற துருவை நேராகத் துடைக்கின்றன என்று பழைய பாடப் புத்தகங்கள் சொல்லும், நானும் அப்படித்தான் பல வருஷம் வகுப்பெடுத்தேன். இப்போது அந்தக் கதையை அப்படியே யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் தின்றதில் ரத்தத்துக்குப் போவதே சொற்பம். பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்துச் சின்னச் சின்ன அமிலங்களாக்குகின்றன, அவைதான் உடம்பில் சுற்றுகின்றன. ரத்தக்குழாய் சுவர் தளர்ந்து கொடுப்பதும் உள்வீக்கம் குறைவதும் காரணமாக இருக்கலாம் என்பதுதான் இன்றைய யோசனை. ஒரே பழம் உங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாமல் போவதற்கு இரண்டு பேர் குடலிலும் குடியிருக்கும் கூட்டம் வேறு வேறு என்பதும் ஒரு காரணம்.

ராத்திரி யோசனைக்கு மருந்து பழத்தில் இல்லை தம்பி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் நடங்கள், அவருக்கு நடை பழகுவது நல்லது, உங்களுக்கும் தூக்கம் வரும்.

கேள்வி: தட்டுவடை செட்டில் பீட்ரூட், கேரட், வெங்காயம் எல்லாம் இருக்கிறதே, அதில் ஃபிளேவனாய்டு உண்டுதானே? வீட்டில் வாயை அடைக்க ஓர் ஆதாரம் வேண்டும்.
— வாசகர், சூரமங்கலம்

பதில்: மாட்டிக்கொண்டீர்கள். பீட்ரூட்டின் சிவப்பு பீட்டாலெயின், அது ஆந்தோசயனின் இல்லை, ஃபிளேவனாய்டே இல்லை. கேரட்டின் ஆரஞ்சு நிறம் கரோட்டின், அதுவும் இல்லை. தட்டுவடை எண்ணெயில் பொரித்தது, அதைப் பற்றிப் பேச வேண்டாம். செட்டில் உங்கள் பக்கம் சாட்சி சொல்ல வரக்கூடியது வெங்காயம் ஒன்றுதான், விலை ஏறினால் கடைக்காரர் முதலில் கை வைப்பதும் அதில்தான். கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லுங்கள்.